திறமையும் ஓர் அமானிதமே
(சாடியோ மானேயின் விளையாட்டு வாழ்வு தரும் படிப்பினைகள்)



புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. அவனது இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

அன்பிற்குரிய இளைஞர்களே! கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே!

இன்று அனேக வீடுகளில் இரண்டு முறைப்பாடுகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. "அஸருக்குப் பின் மைதானத்துக்குப் போனால், மஃரிப் பாங்கு சொல்லியும் இவன் வீடு வருவதில்லை, புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். "எனது திறமை வாப்பாவுக்கு விளங்கவில்லை" என்று பிள்ளை மனத்துக்குள் குமுறுகின்றான். இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று செவிமடுப்பதில்லை. நாளடைவில் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்கின்றான். தந்தை கடிந்துகொள்வதையன்றி வேறொன்றையும் அறியாதவராகின்றார். பந்து ஒன்றின் பொருட்டு ஒரு குடும்பத்தின் உறவே விரிசல் காண்கின்றது.

இப்பிரச்சினையைச் சிந்திப்பதற்கு, நம் காலத்தில் வாழும் ஒரு முஸ்லிம் உதைபந்தாட்ட வீரரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டைச் சேர்ந்த சாடியோ மானே. அவர் பெற்ற கிண்ணங்களுக்காகவோ, ஈட்டிய செல்வத்துக்காகவோ அவரைத் தெரிவுசெய்யவில்லை. நமக்கு முழுமையான முன்மாதிரி நபி (ஸல்) அவர்கள் மாத்திரமே. எனினும், திறமை என்பது நமது சொத்தல்ல, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்ற உண்மையை இம்மனிதரின் வாழ்வில் கண்ணெதிரே காண முடிகின்றது.

முதலில், அவர் ஆடும் இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். உதைபந்தாட்டத்தில் விங்கர் எனப்படுபவர் மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர். ஒரு பக்கம் அவரது எதிராளி. மறுபக்கம் வெள்ளைக் கோடு. பந்து அக்கோட்டை முழுமையாகத் தாண்டினால் அத்தனை முயற்சியும் வீணாகிவிடும். அந்தக் குறுகிய இடத்தில்தான் அவர் வேகத்தையும் நுட்பத்தையும் காட்ட வேண்டும். பந்தை ஓரத்திலிருந்து நடுவே செலுத்தினால், கோல் அடித்த பெயர் பெரும்பாலும் இன்னொருவருக்கே போகும். பந்தை இழந்துவிட்டாலோ, திரும்பி நீண்ட தூரம் ஓடித் தன் அணியின் பின்களத்துக்கு உதவ வேண்டும். எல்லைக்குள் நின்று உழைப்பதும், பிறருக்காக உழைப்பதும் அந்த இடத்துக்குரிய பண்புகளாகும்.

நேயர்களே! சாடியோ மானே 1992ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, செனகலின் தென்பகுதியான காசமான்சில், செதியூ நகருக்கு அண்மையிலுள்ள பம்பாலி என்ற கிராமத்தில் பிறந்தார். தலைநகர் டக்காருக்கும் அப்பிரதேசத்துக்கும் இடையே காம்பியா என்ற தனி நாடே குறுக்கிட்டுக் கிடக்கின்றது. மார்க்கப் பற்றுள்ள வறிய குடும்பம். ஏறத்தாழ ஏழு வயதிலேயே அவர் தந்தையை இழந்தார். நோயுற்ற தந்தையைக் கொண்டு செல்ல அக்கிராமத்தில் ஒரு வைத்தியசாலை இருக்கவில்லை. தன் சகோதரியும் அதே காரணத்தால் வீட்டிலேயே பிறந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியிருக்கின்றார். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் பிற்பகுதியில் இதன் பயன் விளங்கும்.

2002ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் செனகல் அணி முதன்முறையாக விளையாடியது. ஆரம்ப ஆட்டத்திலேயே, அன்றைய உலகச் சம்பியனான பிரான்ஸை 1-0 என்று தோற்கடித்துக் காலிறுதி வரை முன்னேறியது. அப்போது பத்து வயதுச் சிறுவனாக இருந்த மானேயின் உள்ளத்தில் ஓர் ஆசை வேரூன்றியது. ஆனால் குடும்பத்தவர்களோ அவர் கல்வி கற்க வேண்டும் என்றே விரும்பினர். அவர்களது அச்சம் நியாயமற்றதல்ல. அந்தக் கிராமத்திலிருந்து அதுவரை எவரும் பந்தாடிப் பிழைத்துக் காட்டியதில்லை.

ஏறத்தாழ பதினைந்து வயதில் அவர் ஒரு காரியம் செய்தார். நெருங்கிய நண்பன் ஒருவனைத் தவிர வேறெவருக்கும் சொல்லாமல், வீட்டை விட்டு டக்காருக்குப் போய்விட்டார். தாயும் உறவினரும் தவித்தனர். இறுதியில் அந்த நண்பனிடம் விசாரித்து, அவர் இருக்கும் இடத்தை அறிந்து, வீட்டுக்கு அழைத்து வந்தனர். அதன் பின்னர்தான் இரு தரப்பும் அமர்ந்து பேசின. நடப்பாண்டின் பாடசாலைக் கல்வியை அவர் முடிக்க வேண்டும். அதன் பின் டக்காருக்குச் செல்லக் குடும்பம் தடை சொல்லாது. இதுவே அவர்கள் கண்ட இணக்கம்.

இளைஞர்களே! இந்நிகழ்ச்சியின் முதற்பாதியை நீங்கள் பின்பற்றலாகாது. தாயின் கண்ணீரின் மேல் எழுப்பப்படும் எந்த வெற்றிக்கும் பரக்கத் இராது. அவர் அன்று வழியில் ஆபத்துக்குள்ளாகியிருந்தால் இக்கதையைச் சொல்ல இன்று எவரும் இருந்திருக்கமாட்டார்கள். ஆனால் பிற்பாதியை நீங்களும் உங்கள் பெற்றோரும் சேர்ந்து படிக்க வேண்டும். பிள்ளை ஒரு பொறுப்பை ஏற்றான். குடும்பம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. இரு சாராரும் சொன்ன சொல்லைக் காத்தனர். மஷூரா என்று நாம் கூறும் கலந்தாலோசனை பள்ளிவாசல் நிருவாகத்துக்கு மாத்திரம் உரியதன்று. அது நமது சாப்பாட்டுப் பாயிலும் நடைபெற வேண்டியதொன்றாகும்.

கல்வியாண்டை முடித்து அவர் மீண்டும் டக்கார் வந்தார். ஜெனரேஷன் ஃபூட் என்ற பயிற்சிக் கழகத்தின் தெரிவுக்குச் சென்றபோது, அவரது கிழிந்த சப்பாத்தையும் விளையாட்டுக்குப் பொருந்தாத காற்சட்டையையும் கண்டு அங்கிருந்த முதியவர் ஒருவர் வியந்து கேட்டாராம். தன்னிடமுள்ளவற்றில் சிறந்தது இதுவே என்ற பொருள்பட அச்சிறுவன் பதிலளித்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். ஆடத் தொடங்கியதும் அந்தச் சப்பாத்தை எவரும் பார்க்கவில்லை. நம் பிள்ளைகளில் சிலர், விலையுயர்ந்த சப்பாத்து வாங்கித் தரவில்லை என்பதற்காக உம்மாவுடன் முகம் கொடுத்துப் பேசாதிருக்கின்றனர். அவர்கள் இதனைச் சிந்திக்கட்டும்.

2011ஆம் ஆண்டு, பிரான்ஸின் மெட்ஸ் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. கனவு நனவாயிற்று என்று நாம் எண்ணுவோம். ஆனால் நடந்தது என்ன? 2012ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் முதன்முதலாகக் களமிறங்கினார். அந்தப் பருவ முடிவில் மெட்ஸ் அணி மூன்றாம் பிரிவுக்குத் தரமிறக்கப்பட்டது. அவரது ஐரோப்பிய வாழ்வின் முதல் அத்தியாயமே தோல்வியாக அமைந்தது. அதே ஆண்டில் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் கழகத்துக்கும், 2014இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் கழகத்துக்கும் அவர் சென்றார். 2015 மே 16ஆம் திகதி அஸ்டன் வில்லா அணிக்கெதிராக 2 நிமிடம் 56 வினாடிகளுக்குள் மூன்று கோல்களைப் புகுத்தினார். 1994இல் ராபி ஃபௌலர் நிலைநாட்டியிருந்த பிரீமியர் லீக் சாதனை அன்று முறியடிக்கப்பட்டது. மூன்று நிமிடங்களில் உலகம் கண்ட அந்த வேகத்தின் பின்னால், எவரும் காணாத பல்லாண்டு உழைப்பு இருந்தது.

2016இல் அவர் லிவர்பூல் கழகத்தில் இணைந்தார். முதலாம் ஆண்டில் வலது ஓரத்தில் ஆடி, அணியின் முன்னணி வீரராகத் திகழ்ந்தார். அடுத்த ஆண்டு எகிப்தைச் சேர்ந்த முஹம்மத் ஸலாஹ் அக்கழகத்துக்கு வந்தார். அவருக்கும் வலது ஓரமே உகந்தது. மானே இடது ஓரத்துக்கு மாறினார். தனக்குப் பழகிய இடத்தைப் புதியவருக்கு விட்டுக்கொடுப்பது எளிதான காரியமா? ஓர் அலுவலகத்தில் கதிரையை மாற்றி வைத்தாலே மனம் கோணுகின்ற காலம் இது. ஆனால் அந்த மாற்றத்தின் பலனை இருவருமே அடைந்தனர். 2018-19 பருவத்தில் இருவரும் தலா 22 கோல்கள் அடித்து, மற்றோர் ஆபிரிக்க வீரரான ஒபமெயாங்குடன் பிரீமியர் லீக்கின் தங்கப் பாதணி விருதைப் பகிர்ந்துகொண்டனர்.

2018ஆம் ஆண்டு சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மானே கோல் அடித்தும் லிவர்பூல் 3-1 என்று தோற்றது. மறு ஆண்டு, 2019 ஜூன் 1ஆம் திகதி, மட்ரிட் நகரில் மீண்டும் இறுதியாட்டம். முதல் நிமிடம் முடிவதற்குள் இடது பக்கமிருந்து மானே செலுத்திய பந்து எதிரணி வீரரின் கையில் பட்டது. கிடைத்த பெனால்டியை ஸலாஹ் கோலாக்கினார். லிவர்பூல் 2-0 என்று வென்றது. கோல் பட்டியலில் மானேயின் பெயர் இல்லை. ஆயினும் அவர் இன்றி அந்த முதற் கோல் இல்லை. மறுமையின் பதிவேட்டில் நமது நற்செயல்களும் இவ்வாறே இருக்கக்கூடும்; உலகம் வேறொருவரின் பெயரைச் சொன்னாலும், எழுதுபவர்கள் உண்மையை எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

இவர் குறையற்ற மனிதர் என்று நாம் கூறவில்லை. 2019 ஆகஸ்டில் பேர்ன்லி அணியுடனான ஆட்டத்தில், ஸலாஹ் பந்தைத் தனக்குத் தரவில்லை என்று மைதானத்தின் ஓரத்திலேயே சினந்து கொதித்தார். 2023 ஏப்ரலில், ஜேர்மனியின் பயர்ன் மியூனிக் கழகத்தில் இருந்தபோது, தோல்வியுற்ற ஓர் ஆட்டத்தின் பின் சக வீரருடன் ஏற்பட்ட மோதலுக்காகக் கழகம் அவரை அடுத்த ஆட்டத்திலிருந்து நிறுத்தி, அபராதமும் விதித்தது. கோபத்தின் ஒரு கணம் பல ஆண்டுகால நற்பெயரைக் கறைப்படுத்த வல்லது. மைதானத்தில் நடுவரை ஏசுவதும், எதிரணியினருடன் கைகலப்பதும் வீரம் என எண்ணும் நம் இளைஞர்களுக்கு இதுவும் ஒரு பாடமாகும்.

அன்பார்ந்தவர்களே! அவரது வாழ்வின் மிகக் கனமான பகுதிக்கு வருகின்றேன். 2017 ஜனவரி 28ஆம் திகதி, ஆபிரிக்கக் கிண்ணக் காலிறுதியில் செனகலும் கமரூனும் கோலின்றிச் சமநிலை அடைந்தன. பெனால்டி உதைகளில் மானே உதைத்த பந்தைக் கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். நாடு வெளியேறியது. அன்று அணியின் பயிற்றுநராக இருந்தவர் அலியூ சிசே. அவர் யார்? 2002ஆம் ஆண்டு ஆபிரிக்கக் கிண்ண இறுதியாட்டத்தில், அதே கமரூனுக்கு எதிராக, செனகலின் தலைவராக நின்று பெனால்டியைத் தவறவிட்டவர். அந்த வேதனையை அறிந்த ஒருவர் அருகிலிருக்க, அணி மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. 2019 இறுதியாட்டத்தில் அல்ஜீரியாவிடம் 1-0 என்று தோல்வி. ஆனாலும் அவர்கள் கலையவில்லை.

2022 பெப்ரவரி 6ஆம் திகதி கமரூனின் யாவுண்டே நகரில் எகிப்துடன் இறுதியாட்டம். ஏழாவது நிமிடத்திலேயே செனகலுக்கு ஒரு பெனால்டி. மானே உதைத்தார், எகிப்தின் கோல் காப்பாளர் தடுத்தார். ஒரு தேசத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் அவர் தோள் மீது சரிந்தது. அதன் பின் 113 நிமிடங்களுக்கும் மேலாக அவர் ஓடினார். கோல் எதுவும் விழவில்லை. மீண்டும் பெனால்டி உதைகள். இறுதி உதையை ஏற்க வேண்டியவர் அதே மானே. அன்று மாலை தவறவிட்டவர், ஐந்தாண்டுகளுக்கு முன்னரும் தவறவிட்டவர், விலகி நின்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் முன்வந்தார், கோலாக்கினார். 4-2 என்ற கணக்கில் செனகல் தன் வரலாற்றில் முதன்முறையாக ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்றது. தோற்ற அணியில் இருந்தவர் அவரது கழகத் தோழர் ஸலாஹ். கொண்டாட்டத்தின் நடுவே மானே அவரிடம் சென்று ஆறுதல் கூறினார்.

ஒரு பரீட்சையில் தவறியதும் வாழ்வே முடிந்ததென எண்ணும் மாணவனே! ஒரு முயற்சியில் நட்டப்பட்டதும் ஒதுங்கிக்கொள்ளும் சகோதரனே! ஸப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன்று. தவறிய அதே இடத்துக்கு, அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டி, மீண்டும் நடந்து செல்வதும் ஸப்ராகும்.

ஆயினும் மனிதன் திட்டமிடுவதெல்லாம் நிறைவேறுவதில்லை. அதே ஆண்டு மார்ச்சில், எகிப்துக்கெதிரான ஆட்டத்தில் மீண்டும் இறுதிப் பெனால்டியை அவரே கோலாக்கி, நாட்டை உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றார். ஆனால் நவம்பர் 8ஆம் திகதி, உலகக் கிண்ணம் தொடங்க இரு வாரங்களுக்கும் குறைவான காலமே இருந்த நிலையில், காலில் காயமுற்றார். அணியைக் கட்டாருக்குக் கொண்டுசேர்த்தவர் அங்கு ஆட முடியவில்லை. ஒரு சிறு எலும்பில் ஏற்பட்ட காயம் உலகப் புகழ் பெற்ற வீரரை ஓரத்தில் அமர்த்திவிட்டது. உடல் வலிமையும் நமது உடைமையன்று; அதுவும் இரவலே.

இப்போது, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன அச்செய்திக்குத் திரும்புவோம். தந்தையைக் கொண்டு செல்ல வைத்தியசாலை இல்லாத கிராமம் அது. அக்கிராமத்தில் மானே தன் செலவில் ஒரு பாடசாலையைக் கட்டிக்கொடுத்தார். 2021ஆம் ஆண்டு, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பவுண் செலவில் ஒரு வைத்தியசாலையும் எழுந்தது. இன்று பம்பாலியில் ஒரு தாய் பிரசவ வலியுற்றால், ஒரு தந்தை நோயுற்றால், செல்வதற்கு ஓர் இடமுண்டு. தனக்கு நேர்ந்த இழப்பை மனக்கசப்பாக வைத்துக்கொள்ளாமல், பிறருக்கு அது நேராதிருக்க வழி செய்தார். செல்வம் கைக்கு வந்ததும் பிறந்த ஊரை மறப்பவர்கள் பலர். ஊரின் குறையை நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே. 2022 ஒக்டோபரில், சமூகப் பணிக்காக முதன்முறையாக வழங்கப்பட்ட சோக்ரட்டீஸ் விருது அவருக்கே கிடைத்தது.

விருதுகளையெல்லாம் விடவும் சிந்திக்க வேண்டிய காட்சி ஒன்றுண்டு. 2018ஆம் ஆண்டு, லிவர்பூல் நகரின் அர்-ரஹ்மா பள்ளிவாசலில் அவர் கழிவறைப் பகுதியைச் சுத்தம் செய்யும் காட்சி வெளியானது. பல்லாயிரம் பேர் பெயர் சொல்லி ஆர்ப்பரித்த மனிதர், பள்ளிவாசலில் வாளியும் துடைப்பமுமாக நின்றார். பயர்ன் மியூனிக்கில் இருந்தபோது, கழகத்தின் சம்பிரதாயப் புகைப்படத்தில் ஏனையோர் பியர்க் கோப்பையுடன் நிற்க, அவரும் மொரோக்கோ நாட்டைச் சேர்ந்த மற்றொரு முஸ்லிம் வீரரும் வெறுங்கையுடன் நின்றனர். அவர்கள் எவருடனும் சண்டையிடவில்லை, எவரையும் பழிக்கவில்லை. ஆனால் கோட்டைத் தாண்டவுமில்லை. எல்லைக் கோட்டின் அருகிலேயே ஓடியும் அதனைத் தாண்டாதிருப்பது விங்கரின் கலை. ஹலால், ஹராம் என்ற எல்லைகளின் அருகில் வாழ நேரும் நமது இளைஞர்களும் பழகிக்கொள்ள வேண்டிய கலை அதுவே.

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! விளையாட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டியில் ஈடுபட்டதை ஹதீஸ் நூல்களில் காண்கின்றோம். ஆகவே பிள்ளையின் திறமையைக் கண்டதும் ஏளனம் செய்யாதீர்கள். ஒரு நாளாவது மைதானத்துக்குச் சென்று அவன் ஆடுவதைப் பாருங்கள். பயிற்றுநர் யார், நண்பர்கள் யார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். தொழுகை நேரம், படிப்பு நேரம், விளையாட்டு நேரம் என்று அவனோடு அமர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்த வாக்கை நீங்களும் காப்பாற்றுங்கள். பம்பாலியின் அக்குடும்பம் செய்தது அவ்வளவுதான்.

அதேவேளை விழிப்பாகவும் இருங்கள். மானே தெரிவான அன்று, தெரிவாகாமல் திரும்பிய சிறுவர்களின் பெயர்கள் எவருக்கும் தெரியா. வெளிநாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுவதாகக் கூறிப் பணம் பறித்து, மேற்கு ஆபிரிக்கச் சிறுவர்களை ஐரோப்பிய நகரங்களில் கைவிட்டுச் சென்ற போலி முகவர்கள் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத வீரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விதிவிலக்குகள் தவிர, சர்வதேச உதைபந்தாட்ட சம்மேளனமான ஃபிஃபா தடைசெய்துள்ளது. சிறு பிள்ளைக்கு வெளிநாட்டு வாய்ப்பு என்று எவரேனும் பணம் கேட்டு வந்தால், நகையை அடகு வைக்க ஓடாதீர்கள், முதலில் விசாரியுங்கள். படிப்பைக் கைவிடச் செய்யும் எந்த வாக்குறுதியையும் நம்பாதீர்கள்.

இளைஞர்களே! உங்களிடம் ஒரு கேள்வியுடன் முடிக்கின்றேன். உங்கள் காலில் வேகம் இருக்கலாம்; கையில் தொழில் நுட்பம் இருக்கலாம்; குரலில் இனிமையோ அறிவில் கூர்மையோ இருக்கலாம். அதனால் உங்கள் ஊருக்கு என்ன வந்து சேரும்? நீங்கள் ஆயிரமாயிரம் பேர் அறிந்த வீரராக வேண்டியதில்லை. உங்கள் ஊரில் எது இல்லாததால் உங்கள் குடும்பம் ஒரு நாள் அழுததோ, அதனை நினைவில் வைத்திருங்கள். உங்கள் திறமை எதுவாயினும், அந்தக் குறையை நோக்கி அதனைத் திருப்புங்கள். அமானிதத்தை உரியவனிடம் திருப்பி ஒப்படைக்கும் வழி அதுவே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் திறமைகளில் பரக்கத் செய்வாயாக! பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையே அன்பையும் நம்பிக்கையையும் நிலைபெறச் செய்வாயாக! வெற்றியில் பணிவையும், தோல்வியில் பொறுமையையும், உன் எல்லைகளைப் பேணும் உறுதியையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.